பதினோராவது கேள்விக்கு ஐந்து கோடுகள்

நான் அனந்தராமன் மாமாவுக்குக் கொடுக்க வேண்டியது ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். பதினெட்டு வருஷமாக அந்தத் தொகை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவர் வட்டி போடவில்லை, நான் எட்டிப் பார்க்கவில்லை.

அவர் மயிலாப்பூரில் சமையல் காண்ட்ராக்டர். வடக்கு மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில் அவருடைய சமையல்கூடம். நான் கட்டட வேலைக்காரன். மணல், ஜல்லி, செங்கல், சிமெண்ட் மூட்டை என்று எது கீழே கிடக்கிறதோ அதை மேலே கொண்டுபோவது என் வேலை. மயிலாப்பூரில் நான் ஏறாத மாடி இல்லை, ஆனால் அந்தச் சந்து வழியாக மட்டும் போனதில்லை. குளத்தைத் தாண்டி இறக்க வேண்டிய மூட்டையை லஸ் வரைக்கும் சுமந்து சுற்றிக்கொண்டு வருவேன். "இன்னாடா தொரை, கோயிலைப் பிரதட்சணம் பண்றியா?" என்று மேஸ்திரி கத்துவார். ஒரு தடவை மந்தைவெளியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெள்ளையடித்த பாக்கிக் கூலியை வாங்கப் போனேன். வாசலில் அவருடைய சமையல் வேன் வந்து நின்றது. ஒரு மணி நேரம் வாழைமரத்தோடு வாழைமரமாக நின்றேன். இரண்டு பேர் எனக்கும் சேர்த்துப் பன்னீர் தெளித்துவிட்டுப் போனார்கள்.

விஷயம் இதுதான். 2007 பங்குனி, அறுபத்துமூவர் உற்சவம். எனக்குப் பதினேழு வயது. என் கூட்டாளி மெஹபூப் பாஷாவுக்குப் பதினாறு. இரண்டு பேரும் வாடகைக்கு மீன்பாடி என்கிற மூன்று சக்கர மிதிவண்டி ஒன்றை எடுத்துப் பந்தல்களுக்குத் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருந்தோம். தெரு முழுக்க இலவசம். மோர், பானகம், சுண்டல், விசிறிகூட இலவசம். அனந்தராமன் மாமாவின் பந்தலில் புளியோதரை. மூன்று தடவை வரிசையில் நின்று வாங்கினோம். நாலாவது தடவை கரண்டிக்காரர் எங்கள் முகத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

பாஷாவுக்குக் கோபம். "சும்மாதானே குட்கிறாங்கோ? தனித்தனியா வாங்கினா இன்னா, மொத்தமா வாங்கினா இன்னா மச்சி?" என்றான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சுவாமி பந்தலுக்கு நேரே வந்தார். எல்லாரும் கை கூப்பிக் கண்ணை மூடினார்கள். அவர்கள் கண்ணைத் திறப்பதற்குள் அண்டா எங்கள் வண்டியில் இருந்தது.

எங்கள் நொச்சிக்குப்பமே உட்கார்ந்து சாப்பிட்டது. அந்தக் கையோடு அண்டாவைப் பழைய இரும்புக் கடையில் போட்டோம். கடைக்காரர் அதைச் சம்மட்டியால் தட்டையாக்கிக்கொண்டிருக்கும்போதே போலீஸ்காரர் வந்துவிட்டார். எப்படிக் கண்டுபிடித்தார் என்றால், கச்சேரி ரோட்டிலிருந்து கடற்கரை வரைக்கும் வண்டி குலுங்கின இடத்தில் எல்லாம் மஞ்சள் சோறு சிந்தியிருந்தது. காக்கைகளைப் பின்பற்றி வந்தேன் என்றார்.

இளைஞர் நீதிக் குழுமத்தில் நிறுத்தினார்கள். நீதிபதி அம்மா ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். பிரசாதத்துக்கு விலை வேண்டாம், அண்டாவுக்கு மட்டும் போதும் என்று அனந்தராமன் மாமா சொன்னார். அண்டா நாலாயிரம். ஆளுக்கு இரண்டாயிரம், முடிந்தபோது கொடுக்கட்டும் என்று சொல்லி, எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். பாஷாவின் அப்பா மறுநாளே அவன் பங்கைக் கட்டினார். என் அம்மா அன்றைக்குக் கையில் இருந்த நூற்று அறுபதைக் கொடுத்தாள். மீதிதான் நான் மேலே சொன்ன தொகை. நீதிபதி அம்மா இன்னும் ஏதோ சொன்னார், ஃபைல் மூடுவது பற்றி. நான் தலைக்கு மேலே ஓடிய ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எனக்கு முப்பத்தைந்து. முதுகுக்கு அறுபது இருக்கும். லிஃப்ட் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு கட்டடத்துக்கும் லிஃப்ட் நான்தான். லிஃப்ட் வந்ததும் என்னை அதில் ஏற விடமாட்டார்கள், சிமெண்ட் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். அப்படிப்பட்டவனுக்குத் தேனாம்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஆப்பரேட்டர் வேலை காலி என்று தெரிந்தது. போய்ப் பார்த்தேன். ஏழு மாடி. லிஃப்டுக்குள் ஒரு ஸ்டூல். ஸ்டூலின் மேல் கயிறு போட்டுக் கட்டின ஒரு பஞ்சு மெத்தை. சம்பளம் பதினாலாயிரத்து ஐந்நூறு என்றார்கள். எனக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. நான் மெத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். அங்கேதான் வம்பு.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. எழுத்து எனக்கு வந்தது ஊரடங்கில். என் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு, பாடம் எல்லாம் போனில். போனை நிறுத்தி வைக்க ஸ்டாண்ட் வாங்கக் காசில்லை, நானே ஸ்டாண்ட். அவள் படித்ததை எல்லாம் ஸ்டாண்டும் படித்துவிட்டது. அதற்கப்புறம் பஸ் போர்டு, கடை போர்டு, சிமெண்ட் மூட்டை என்று கண்ணில் படுவதை எல்லாம் வாசிப்பேன். ஆனால் எழுத இடம் கிடைக்கவில்லை. எங்கே போனாலும் பெயர், கையெழுத்து, அவ்வளவுதான் கேட்பார்கள்.

அந்த ஃபாரத்திலும் பெயருக்கு ஒரு சின்னக் கட்டம், வயதுக்கு அதைவிடச் சின்னக் கட்டம். பதினோராவது கேள்விக்கு வந்தேன். "உங்கள் மீது எப்போதாவது குற்ற வழக்கு பதிவாகியுள்ளதா? ஆம் எனில் விவரம்." கீழே ஐந்து கோடுகள். முழுசாக ஐந்து! அவ்வளவு இடம் எனக்கு யாரும் கொடுத்ததில்லை. மற்றவர்கள் அங்கே 'இல்லை' என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு, நாலே முக்கால் கோட்டை வீணாக்கியிருப்பார்கள். எனக்கு மனசு வரவில்லை.

'ஆம்' என்று தொடங்கினேன். கை நிற்கவில்லை. ஐந்து கோடு தீர்ந்தது. ஓரத்தில் ஏறினேன், சுற்றி வந்தேன், பின்பக்கம் திருப்பினேன். சந்தேகம் இருந்தால் விசாரித்துக்கொள்ளட்டும் என்று அனந்தராமன் மாமாவின் பெயரையும் சமையல்கூட விலாசத்தையும் அடியில் போட்டேன். கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது அண்ணா சாலையில் ஓடிய பஸ் எல்லாம் எனக்காகவே ஹாரன் அடிப்பது போல இருந்தது.

யாரிடமாவது சொல்ல வேண்டுமே! நேரே தி.நகர் போனேன். மெஹபூப் பாஷா துபாயில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு வந்து, உஸ்மான் ரோடு ஓரத்தில் பெட்டி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஜிப் தைப்பது, சக்கரம் மாட்டுவது.

"பாஷா, இன்னிக்கு ஒரு முழுப் பக்கம் எழுதினேன்டா!"

"இன்னா, லவ் லெட்டரா? வீட்ல சொல்லட்டா?"

"கேஸு."

"எந்தக் கேஸு?"

"நம்ம அண்டாக் கேஸு. ஆஸ்பத்திரி ஃபாரத்துல."

அவன் கையில் இருந்த ஊசி நின்றது. "டேய், என் பேரு?"

"உடுவேனா? இனிஷியலோட போட்டுக்கிறேன்."

"இனிஷியலோட!" கையில் இருந்த பெட்டிச் சக்கரத்தால் தன் நெற்றியிலேயே தட்டிக்கொண்டான். "நைனா, அந்தக் கேஸு செத்துப் பத்து வருஷம் ஆவுது! நீ இன்னாத்துக்கு அதுக்குத் தண்ணி தெளிச்சு எழுப்பிக்கினு கீற?"

"செத்துச்சா? யாரு சொன்னா?"

"நான் துபாய் போவ சொல்லோ போலீஸ் சர்டிபிகேட் கேட்டாங்கோ. பயந்துகினு வக்கீல் நீரஜா மேடத்தைப் பார்த்தேன். அவங்கதான் விசாரிச்சாங்கோ. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ஃபைலு. அழிச்சிட்டாங்கோ!"

"எங்கிட்ட சொல்லவே இல்லியேடா!"

"சொல்லலாம்னு வந்தேன். நீ நாலாவது மாடில மூட்டையோட இருந்த. ஃப்ளைட்டுக்கு நேரம் ஆயிடிச்சி."

நீரஜா மேடத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் இருமல் சத்தம் வந்தது. பிறகுதான் அது சிரிப்பு என்று புரிந்தது.

"துரைராஜ், பொறுமையாக் கேளுங்க. பதினெட்டு வயசுக்குள்ள நடந்தது. கேஸ் முடிஞ்சு ஏழு வருஷம் போனா அந்த ஃபைலை அழிச்சிடணும். அதுவரைக்கும்கூட நீங்க, உங்க அப்பா அம்மா, உங்க வக்கீல், உங்களை விசாரிச்ச நீதிக் குழும போர்டு, இவங்களைத் தவிர கண்டவங்க அதைப் பார்க்க முடியாது. நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டாக்கூட போலீஸ் அதைச் சொல்லக் கூடாது. அதைக் காரணம் காட்டி உங்களுக்கு வேலை இல்லைன்னும் சொல்லக் கூடாது."

"அப்ப 'இல்லை'ன்னு எழுதினா பொய் ஆவாதாம்மா?"

"ஆகாது. அப்படி எழுதிக்கத்தான் சட்டமே போட்டிருக்காங்க. உங்க கேஸு போலீஸ்ல இல்ல, போர்டுல இல்ல. இப்போ உலகத்துலயே ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு. நீங்க எழுதின அந்தப் பேப்பர்ல!"

பாஷா கடையின் ஷட்டரை இழுத்த சத்தத்தில் பக்கத்துப் பூக்கடைக்காரம்மா மல்லிகையைக் கீழே போட்டுவிட்டாள்.

ஆட்டோவில் பாஷா என்னைத் திட்டிக்கொண்டே வந்தான். சிக்னலில் நிற்கும்போது மட்டும் மூச்சு வாங்கிக்கொள்வான். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "எதுனா ஆஸ்பத்திரி எமர்ஜென்ஸியா நைனா?" என்று கேட்டார். "ஆமா, இவனுக்கு எழுத்து வந்துடிச்சி" என்றான் பாஷா. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனுக்கும் வந்தது. தேனாம்பேட்டை வரைக்கும் இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அந்த மெத்தை ஒவ்வொரு அடியாக என்னை விட்டு விலகிப் போவது தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கும் பொறுப்பு ஸ்ரீலக்ஷ்மி மேடத்துடையது. என் ஃபாரம் அவர் மேஜை மேல் விரித்த மாதிரியே இருந்தது.

"வாங்க துரைராஜ். இதை மூணு தடவை படிச்சுட்டேன். அப்புறம் தாங்க முடியாம கேன்டீன்ல புளியோதரை வாங்கினேன். நல்லாவே இல்ல."

பாஷா மறுபடி போன் போட்டு, ஸ்பீக்கரில் மேஜை மேல் வைத்தான். நீரஜா மேடம் மறுபடி எல்லாவற்றையும் சொன்னார், இந்தத் தடவை இருமாமல். கேட்கக் கேட்க ஸ்ரீலக்ஷ்மி மேடத்தின் முகம் மாறிவிட்டது.

"ஐயோ, எனக்கு இது தெரியாதே! அப்போ நான் அனந்தராமன் சாருக்குப் போன் பண்ணினதும் தப்பா?"

நான் மேஜை மேல் குனிந்தேன். "பண்ணிட்டீங்களா மேடம்?"

"நீங்கதானே விலாசம் எழுதியிருந்தீங்க. தேடி நம்பர் எடுத்தேன். நீங்க எழுதினதைச் சொன்னேன். அவர் தப்பா ஒண்ணும் சொல்லல. 'அந்தப் பேப்பரோட ஆளை அனுப்புங்கோ'ன்னார், வெச்சிட்டார்."

"அந்தக் கேள்வியிலயே 'பதினெட்டு வயதுக்குப் பிறகு'ன்னு சேர்த்துடுங்க மேடம்" என்றது போன். "இவருக்கு இப்போ வேற ஃபாரம் கொடுங்க."

கொடுக்கலாம்தான். ஆனால் ஃபாரத்துக்கு எல்லாம் நம்பர் போட்டிருந்தது. பழையதை ரத்து செய்தால் ஒரு பெரிய நோட்டில் காரணம் எழுத வேண்டுமாம். உண்மைக் காரணத்தை எழுதினால் கேஸு அந்த நோட்டில் குடியேறிவிடும்.

"டீ கொட்டிடிச்சின்னு போடு மேடம்" என்று பாஷா டம்ளரைத் தேடினான்.

"நடக்காததை நான் எழுத மாட்டேன்" என்றார் ஸ்ரீலக்ஷ்மி மேடம்.

"அப்ப கையெழுத்து புரியலைன்னு போடுங்கோ. எப்டியும் கோழி கிளறினாப்லதான் எழுதிக்கிறான்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "யாரு கோழி? எந்த எழுத்துடா புரியல? காட்டு! மேடம் மூணு வாட்டி படிச்சாங்கல்ல? புரியாமயா படிச்சாங்க? அப்டி ஒரு காரணம் போட்டு எனக்கு வேலையே வேணாம். நான் மூட்டையே தூக்கிக்கிறேன்!"

"டேய், மெத்தைடா! மெத்தையை நினைச்சுப் பாரு!"

"நீயே போயி உக்காரு!"

ஸ்ரீலக்ஷ்மி மேடம் கையை உயர்த்தினார். ஃபாரத்தை ஒருதரம் நேராகவும் ஒருதரம் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். பிறகு நோட்டை இழுத்து எழுதினார். எனக்கும் காட்டினார். 'ரத்துக்கான காரணம்: விண்ணப்பதாரர் கோடுகளைத் தாண்டி எழுதிவிட்டார்.'

அது உண்மை. அதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. பக்கத்திலேயே பெரிதாகக் கையெழுத்துப் போட்டேன்.

புது ஃபாரத்தில் பதினோராவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். வெறுமையாகக் கிடந்த மீதி நாலே முக்கால் கோட்டை விரலால் ஒருதரம் தடவிவிட்டுத்தான் கொடுத்தேன். பழைய ஃபாரத்தை மேடம் என்னிடமே கொடுத்து, "கிழிச்சுப் போட்டுடுங்க" என்றார். நான் கிழிக்கவில்லை. எப்படிக் கிழிப்பது? நாலாக மடித்துத் தலையணை உறைக்குள் வைத்தேன். பாஷா தினமும் காலையில் போன் செய்து, "கொளுத்தினியா?" என்று கேட்பான். "தீப்பெட்டி இல்ல" என்பேன்.

இருபது நாளில், ஆஸ்பத்திரி கேட்டிருந்த போலீஸ் சான்று வந்தது. 'குற்றப் பதிவு ஏதுமில்லை.' நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன், ஆஸ்பத்திரி வாசலில், சத்தமாக. செக்யூரிட்டி கைதட்டினார்.

முதல் நாள் லிஃப்டில் உட்கார்ந்தேன். ஏழாவது மாடிக்குப் போக எனக்கு ஒரு விரல் போதுமாக இருந்தது. ஒரு விரல்! ஏறினவர்கள் எல்லாம் எந்த மாடி என்று சொல்வதற்கு முன்னாலேயே நான் சிரித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் ஆள் யாரும் இல்லாதபோது நானே எனக்காக ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்தேன்.

முதல் சம்பளம் வந்ததும் ஆயிரத்து எண்ணூற்று நாற்பதை எண்ணித் தனியாக ஒரு கவரில் போட்டேன். ஆனாலும் கால் வரவில்லை. 'அந்தப் பேப்பரோட ஆளை அனுப்புங்கோ' என்றால் என்ன அர்த்தம்? அவர் ஒரு வார்த்தை வெளியே சொன்னால், ஆஸ்பத்திரியில் நாலு பேர் காதில் விழுந்தால், லிஃப்டில் ஏறுகிறவர்கள் பர்ஸைப் பிடித்துக்கொண்டு ஏறுவார்களே! போர்டு அழித்துவிட்டது, போலீஸ் மறந்துவிட்டது. அவர் வாயை யார் மூடுவது?

கடைசியில் பாஷாதான் இழுத்துக்கொண்டு போனான். அவனுக்கு அந்தப் பேப்பர் எரிந்தாக வேண்டும். பதினெட்டு வருஷத்துக்கு அப்புறம் வடக்கு மாட வீதியில் கால் வைத்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

சமையல்கூடத்தில் பெரிய கேஸ் அடுப்பின் மேல் புளிக்காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. அனந்தராமன் மாமாவுக்குத் தலை முழுக்க வெளுத்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாலாவது தடவை வந்தவன்தானே நீ?"

"ஆமா மாமா. பணம் கொண்டாந்துக்கிறேன்." கவரை நீட்டினேன்.

"அது கிடக்கட்டும். பேப்பர் எங்கே?"

கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். முன்பக்கத்தை உதட்டுக்குள் வாசித்தார். பின்பக்கம் வந்ததும் அவர் குரல் தானாக உயர்ந்தது.

"'அந்தப் புளியோதரையில் கடலை ஒன்றுகூட உடையவில்லை. எல்லாம் முழுசாக இருந்தது. ஒவ்வொரு பருக்கையும் தனியாக நின்றது, ஆனால் ஒரு பருக்கைகூட எண்ணெய் இல்லாமல் நிற்கவில்லை. சண்டை போட்டுக்கொண்டிருந்த வீடுகள் ஒரே தட்டில் சாப்பிட்டன. மூன்று நாள் வரைக்கும் விரலை மோந்து பார்த்தோம்.'"

நிறுத்தினார். இன்னொரு தடவை முதலிலிருந்து வாசித்தார். அடுப்படியைப் பார்த்துக் கத்தினார். "டேய் கோதண்டபாணி, கேட்டியா? ஒரு கடலைகூட உடையலையாம்! நேத்தி நீ வறுத்தியே, அது கடலையா, பொடியா?"

கரண்டியோடு நின்ற கோதண்டபாணி என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தான்.

"நாப்பது வருஷமா சமைக்கறேன்டா" என்றார் மாமா என்னிடம். "சாப்பிடறவா ஏப்பம் விட்டுண்டு எழுந்து போயிடுவா. இப்போ போன்ல ஸ்டார் போடறா, அதையும் நாலோட நிறுத்திடறா. ஒருத்தராவது உக்காந்துண்டு இப்படி எழுதியிருக்காளா? உன் ஆஸ்பத்திரி மேடம் போன்ல ரெண்டு வரி சொன்னா. அன்னிக்கு ராத்திரி முழுக்க மீதி என்னவா இருக்கும்னு யோசிச்சிண்டிருந்தேன். இதை நான் ஃப்ரேம் போட்டு மாட்டப்போறேன்."

பாஷா அலறினான். "மாமா! அதுல என் பேரு கீது! இனிஷியலோட கீது!"

"ஓ, நீதான் வண்டி மிதிச்சவனா?" மாமா எண்ணெய் பாக்கெட் வெட்டும் கத்திரியை எடுத்தார். புளியோதரை வரிகளை மட்டும் ஓரம் பிசகாமல் வெட்டினார். மற்றதைப் பாஷாவிடம் நீட்டினார். பாஷா அதை அடுப்பில் போட்டு, கடைசித் துண்டு கருகும் வரைக்கும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் புருவமும் கொஞ்சம் கருகியது.

மாமா வெட்டின துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சரி, விலை சொல்லு."

"விலையா? இன்னா மாமா, சும்மா எடுத்துக்கோங்க."

"சும்மா எடுத்துண்டா அதுக்குப் பேர் என்னன்னு உனக்குத் தெரியாதா? எனக்கு அறுபத்தெட்டு வயசு. சின்னப் பசங்க கேஸை அழிச்சுடுவோம்னு அன்னிக்கு ஜட்ஜ் சொன்னா. என் மேல கேஸ் வந்தா ஒருத்தரும் அழிக்க மாட்டா."

நான் வாயைத் திறப்பதற்குள் பாஷா அடுப்படியிலிருந்து சொன்னான். "ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது!"

"நியாயமான விலைதான்." கவரை மடித்து என் சட்டைப் பைக்குள் செருகினார் மாமா. "பாக்கி தீர்ந்தது. ரசீது எழுதித் தரட்டுமா?"

"வேணாம் மாமா" என்றேன். "எழுத்துல எதுவும் வேணாம்."